மனுசனா இருக்க மார்க் எதுக்கு?

போன வருஷம் ஜூன் மாதம், கொட்டிவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு பாராட்டு விழா நடந்தது. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் நல்ல மார்க் வாங்கிய நம் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிற விழா. தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மேலே அம்பேத்கர். அவருக்குக் கீழே பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் அந்தப் பிள்ளையின் மார்க். எம்.ஏ. தமிழ் படித்தவள், எழுதுகிறவள், போராட்டங்களுக்குப் போகிறவள் என்பதால் என்னைச் சிறப்புப் பேச்சாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன், பேசினேன். "நாம யாருன்னு இந்த ஊருக்குக் காட்டுங்க. சாதிக்குச் சாதனையால பதில் சொல்லுங்க" என்றேன். கை தட்டினார்கள். சாதி, சாதனை என்று ஓசை பொருந்தி வந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

கூட்டம் கலைந்தது. பையன்கள் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்தாங்க. பாலவாக்கத்தில் நாலு ஃப்ளாட்டில் பாத்திரம் துலக்கி, வீடு துடைக்கிறவங்க. நாற்காலி அடுக்கிய பையன்களில் ஒருவன் அவங்க மகன்.

"நல்லாத்தாம்மா பேசுன. கேக்க நல்லாத்தான் கீது. எம் புள்ள ரெண்டு பாடத்துல போயிட்டான். காட்டுறதுக்கு அவங்கிட்ட ஒண்ணுமில்ல. அவன இன்னா பண்ணலாம்? கடல்ல தூக்கிப் போட்டுடலாமா?"

எங்கள் தெருவிலிருந்து கடல் பத்து நிமிஷ நடை. அவங்க சிரித்துக்கொண்டேதான் கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக மேடை மேடையாக என்ன பேசிக்கொண்டு திரிந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இந்தக் கட்டுரை அந்த அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிற பதில். நம்மவர்களோடு நான் போட வேண்டிய சண்டையும் இதுதான்.

*

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊரைத் திட்டுமுன் தன்னைச் சொல்லிக்கொள்வது நல்லது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கொட்டிவாக்கத்தில், ஈ.சி.ஆர். பக்கமாக ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கப் போனோம். நானும் என் துணைவரும். மாடிப் போர்ஷன், காற்றோட்டமான வீடு. வீட்டுக்கார அம்மா மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர்கூடக் கொடுத்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார். செங்கல்பட்டுப் பக்கம் என்றோம். அங்கே எந்தத் தெரு என்று கேட்டார். அசைவம் சமைப்பீங்களா என்று கேட்டார். இந்தக் கேள்விகளின் வரிசை நம் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து எது வரும் என்பதும் தெரியும். அந்த நிமிஷத்தில் என் வாயிலிருந்து, யாரும் கேட்காமலே, ஒரு வார்த்தை வந்தது: "நான் எம்.ஏ. தமிழுங்க. யுனிவர்சிட்டியில ரேங்க் வாங்கினேன்."

"அப்படியாம்மா, ரொம்ப சந்தோஷம். அவர்கிட்ட கேட்டுட்டு போன் பண்றேன்."

போன் வரவில்லை. 'டு லெட்' பலகை அதற்குப் பிறகும் ஒரு மாதம் அந்தக் கேட்டில் தொங்கியது.

வீடு கிடைக்காதது எனக்குப் புதிதல்ல. அது அவர்களுடைய அசிங்கம். ஆனால் அந்த ரேங்க்கை நான் ஏன் எடுத்து நீட்டினேன்? அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. மனுஷி என்பதற்கு ஒரு டெபாசிட் கட்டிவிட்டால் உள்ளே விடுவார்கள் என்று எனக்குள் எதுவோ நம்பியிருக்கிறது. மற்றவர்கள் வாடகைக்குத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். நான் என் பிறப்புக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பார்த்தேன்.

1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கு நடந்ததை எத்தனை முறை படித்திருப்பேன்! அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, லண்டனில் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வருகிறார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. வெளியேறு என்கிறது. இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர், இருவருமே இடம் கொடுக்கவில்லை. ஒரு பொதுப் பூங்காவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறுகிறார். பின்னாளில் இதையெல்லாம் எழுதிய குறிப்புகளுக்கு அவர் வைத்த தலைப்பு 'விசாவுக்காகக் காத்திருத்தல்'.

கொலம்பியாப் பட்டம் ஒரு அறையைத் திறக்கவில்லை. இது தெரிந்தும் நாம் அவருடைய பட்டங்களை வரிசையாக எழுதிச் சுவரில் மாட்டி, "பார், எங்காளு எவ்வளவு படித்திருக்கிறார்" என்கிறோம். யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? தடியோடு வந்தவனைப் பார்த்துத்தான். அம்பேத்கர் அதைச் செய்யவில்லை. பரோடாவுக்குப் பத்து வருஷம் கழித்து, 1927 மார்ச் 20ஆம் தேதி, மகாத் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான ஜனங்களோடு போனார். போனவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத கூலிகள், விவசாயிகள். அள்ளிக் குடித்தார்கள். யாரும் சர்டிபிகேட் காட்டிவிட்டுக் குடிக்கவில்லை. தாகம் எடுக்கிறவர் எல்லாரும் குடிக்கலாம் என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்டது. முதல் வகுப்பில் தேறியவர் குடிக்கலாம் என்பதல்ல.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு எம்.ஏ. தேவைப்பட்டிருக்கக் கூடாது. என் ஆயா இருந்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். நடவும் களையெடுப்பும்தான் அவள் வாழ்க்கை. ஆண்டை வீட்டில் கூலி நெல்லை, கை பட்டுவிடாமல் தூரத்திலிருந்து முந்தானையில் கொட்டுவார்களாம். ஒருநாள் முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு, "மரக்கால கீழ வையி. நான் அள்ளிக்கிறேன். கொட்டுறதுக்கு நான் இன்னா குப்பமேடா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் போகம் முழுக்க அந்த வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. வேறு ஊருக்கு நடந்துபோய் நட்டாள். வயசான காலத்தில் இதை எங்களுக்குச் சொல்லும்போது ஒரே வரியில் முடிப்பாள்: "எனக்கு இன்னாடி கொறச்சல்?"

அந்தக் கேள்வியை ஆயா எந்தப் படிப்பை வைத்துக் கேட்டாள்? எதையும் வைத்துக் கேட்கவில்லை. மூன்று தலைமுறையில் நாங்கள் பள்ளிக்கூடம் ஏறினோம், காலேஜ் ஏறினோம். அவளிடம் இருந்ததை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டோம்.

*

நாம் நிரூபிக்க வேண்டும் என்கிறார்கள். சரி, தேர்வு வைக்கிறவன் யார்? அவனுடைய மார்க் என்ன?

1990இல் மண்டல் பரிந்துரையை அமலாக்கியபோது "தகுதி செத்தது, திறமை செத்தது" என்று வடநாட்டுத் தெருக்களில் கூச்சல் போட்டவர்கள், 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கென்று 10 சதம் ஒதுக்கியபோது எங்கே போனார்கள்? வருஷம் 8 லட்சம் ரூபாய் வருமானம் வரை ஏழையாம். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோரில் இருக்கிற ஏழை அந்த ஏழைக் கணக்கில் வரமாட்டானாம். 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று அதை உறுதியும் செய்துவிட்டது. தகுதிக்கு அன்றைக்கு ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றப்படவில்லை. 2023இல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வில் இடங்கள் நிரம்பவில்லை என்று தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பர்சன்டைலுக்கு இறக்கினார்கள். பரீட்சை எழுதியிருந்தால் போதும். பணம் கட்ட ஆள் வேண்டும் என்கிறபோது தகுதி பூஜ்ஜியத்துக்கு இறங்கும். நம் வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்கிறபோது அது ஆகாயத்துக்கு ஏறும்.

ஆக, இது அளவுகோல் இல்லை, கேட். கேட்டைத் திறக்கிறவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவன் பிள்ளை பெயிலானால் "பையன் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி" என்பான். நம் பிள்ளை பெயிலானால் அது நம் சாதியின் லட்சணம். அவனுக்குப் பிறக்கும்போதே மதிப்பு உண்டு. நாம் மட்டும் பாஸ் பண்ணிச் சம்பாதிக்க வேண்டும்.

சரி, பாஸ் பண்ணிவிட்டால் விடுகிறார்களா? பல்வங்கர் பாலு என்று ஒரு கிரிக்கெட்காரர் இருந்தார். தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். அதற்கு முன்பு புனாவில் இந்துக்களின் அணிக்கு அவர்தான் பந்துவீசி ஜெயித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். டீ குடிக்கிற நேரத்தில் மட்டும் அவருக்கு வெளியே, தனியாக, மண் கோப்பையில். அவர் கடைசிவரை கேப்டன் ஆகவில்லை.

அது அந்தக் காலம் என்பீர்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். சில நாளில் அணி அரையிறுதியில் தோற்றது. ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். கைதும் நடந்தது. சாதனை கவசம் என்று இனியும் யாராவது என்னிடம் சொன்னால் அந்தப் பட்டாசுச் சத்தத்தைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

*

தூரமாகப் போக வேண்டாம். கொட்டிவாக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் ஓ.எம்.ஆர். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் கண்ணகி நகர். 2000 வாக்கில் தொடங்கி, சென்னையின் கூவம் கரையிலிருந்தும் தெருவோரங்களிலிருந்தும் பிடுங்கிய ஜனங்களை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு வேறொரு பக்கம் என்று ஆக்கிவிட்டு, "கண்ணகி நகரா? திருட்டுப் பசங்க ஏரியா" என்று பேரும் வைத்தார்கள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கொடுக்க யோசிப்பார்கள். 2020இல் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். சுவர் அழகானது, பேர் அப்படியே கிடந்தது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைத்தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். அந்தத் தங்கைக்கு என் முழு மனசான வாழ்த்து. அது அவள் உழைப்பு, அவள் சந்தோஷம். நான் சண்டை போடுவது அவளோடு அல்ல. அவளுடைய தங்கத்தை எடுத்து மற்றவர்கள் செய்த காரியத்தோடு. "கண்ணகி நகரின் களங்கத்தைத் துடைத்தாள்" என்று பேசினார்கள், எழுதினார்கள். என்ன களங்கம்? யார் பூசியது? பூசியவனை விட்டுவிட்டு, துடைக்கிற வேலையைப் பதின்வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் ஏன் வைத்தீர்கள்? அவள் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தால் அந்த 23,000 வீட்டு ஜனங்களும் திருடர்களாகவே இருந்திருப்பார்களா? தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கண்ணகி நகருக்கு நல்ல மைதானமும் பஸ்ஸும் தண்ணீரும் கேட்பதற்கு யாரும் மெடல் வாங்கி வர வேண்டிய அவசியமில்லை.

*

இப்போது சொல்லப்போவது கசப்பானது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

2017 செப்டம்பர் 1ஆம் தேதி குழுமூர் அனிதாவை இழந்தோம். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 1200க்கு 1176. நீட்டை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனவள். அந்த 1176ஐ நாம் கோஷமாக்கினோம். நானும் தட்டியில் எழுதிப் பிடித்தேன். படித்த பாடம் ஒன்று, வைக்கிற பரீட்சை வேறு என்பதைக் காட்ட அந்த எண் தேவைதான். ஆனால் அந்த எண்ணை அழுத்தி அழுத்திச் சொல்லும்போது நம்மை அறியாமல் இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தோம். இவ்வளவு மார்க் வாங்கியவளுக்கே இப்படியா என்று. அந்த 'கே' என்கிற ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள். 700 வாங்கிய பிள்ளை உடைந்துபோனால் தெருவுக்கு வருவோமா? பெயிலான பிள்ளைக்குத் தட்டி எழுதுவோமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தம்பியை, கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். "நல்லா படிக்கிற பையனாச்சே" என்றுதான் எல்லாரும் அழுதார்கள். அடுத்த மே மாதம் அவன் 600க்கு 469 வாங்கியதும் பத்திரிகைகள் கொண்டாடின. அந்தத் தம்பி ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் கேட்கிறேன், அவன் 200 வாங்கியிருந்தால் அரிவாளுக்கு நியாயம் வந்துவிடுமா? வெட்டுப்பட்டவன் நல்ல மாணவனாக இருந்தால்தான் வெட்டு குற்றமா?

இப்படித்தான் நம் துக்கத்துக்குள்ளேயே கட்-ஆஃப் புகுந்துவிட்டது. நம் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். மார்க் இருந்தால் என் உயிருக்கு விலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று கற்றுக்கொள்கிறார்கள். இதை ஆதிக்க சாதிக்காரன் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. நீல ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றுகொண்டு நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த ஜூன் மாதத்தில் நான் சொல்லிக் கொடுத்தேன்.

*

"அப்ப படிக்கவே வேணாங்கிறியா?" தோழர்கள் கேட்பார்கள். ஊழியர் சங்கத்து அண்ணன்கள் கோபப்படுவார்கள். "நாங்க பட்ட கஷ்டம் தெரியுமா? படிப்புதான் எங்களைத் தூக்கிவிட்டது" என்பார்கள்.

அண்ணே, படிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? படிப்பு நமக்கு மறுக்கப்பட்ட பங்கு. பங்கைச் சண்டை போட்டு வாங்க வேண்டும். எல்லாப் பிள்ளையும் படிக்க வேண்டும், பெயிலானவன் திரும்பப் படிக்க வேண்டும், பிடித்ததைப் படிக்க வேண்டும். படிப்பு ஆயுதம் என்றால் ஆயுதமாக வைத்துக்கொள்வோம். மனுஷன் என்பதற்கான அத்தாட்சிப் பத்திரமாக அதை ஆக்காதீர்கள். அத்தாட்சி கேட்கிறவனுக்கு எந்தப் பத்திரமும் போதாது. பரோடாவைப் பார்த்தோமே.

பரீட்சையின் சூது நம் முன்னோர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, 1893இல் ரெட்டமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் அதை எதிர்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நம் ஜனங்களிடம் கையெழுத்து வாங்கி லண்டன் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார்கள். படிப்பை ஏகபோகமாக வைத்திருக்கிற சாதி பரீட்சை எழுதி வந்து அதிகாரியாக உட்கார்ந்தால் நம் கதி என்ன என்பதுதான் அவர்கள் அச்சம். அதே வருஷம் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு என்ன பேர் வைத்தார்? 'பறையன்'. எந்தப் பேரை வசவாக வீசினார்களோ, அதை மறைக்கவில்லை. நல்ல பேர் எடுத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்கிறேன் என்று காத்திருக்கவில்லை. பத்திரிகையின் நெற்றியில் அச்சடித்தார். என் ஆயா கேட்ட கேள்விதான் அது. அச்செழுத்தில் கேட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. 1935 சட்டத்தின்படி ஓட்டுப் போட சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படித்திருக்க வேண்டும். 1950 அரசியல் சட்டம் அதைத் தூக்கி எறிந்தது. வயது வந்தவர் எல்லாருக்கும் ஓட்டு, ஒருவருக்கு ஒன்று. 1919இலேயே, 1928இலேயே வாக்குரிமைக்காக வெள்ளைக்காரன் கமிட்டிகளின் முன்னால் போய் வாதாடியவர் அம்பேத்கர். என் ஆயாவின் ஓட்டும் ஐகோர்ட் ஜட்ஜின் ஓட்டும் ஒன்று. மனுஷ மதிப்புக்குக் கட்-ஆஃப் கிடையாது என்பதை இந்த நாடு அந்த ஒரு இடத்திலாவது ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது, ஆறாவது மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிப் போனது. கொரோனா காலத்தில் இவர்களுக்குத்தான் மாலை போட்டுக் கைதட்டினார்கள். அந்த மாலையைக் காட்டி அவர்கள் எதையும் கேட்கவில்லை. நாங்க வேலை செய்றோம், எங்க உரிமையக் குடு என்று கேட்டார்கள். பாராட்டு வேண்டாம், பங்கு வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். சுயமரியாதை என்ற சொல்லுக்கு நான் எம்.ஏ.யில் படித்த விளக்கமெல்லாம் அந்தப் பிளாட்பாரத்தில் சின்னதாகிவிட்டது.

*

இந்த வருஷமும் பாராட்டு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போவேன். விழா நடத்துகிற தம்பிகளிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். ஃப்ளெக்ஸில் மார்க் போடாதீங்க. போடுவதென்றால் பரீட்சை எழுதிய நம் தெருப் பிள்ளைகள் எல்லாருடைய பேரையும் போடுங்க. நாற்காலி தூக்குகிறவனும் மேடையில் உட்காரட்டும், பரிசு வாங்குகிறவனும் நாற்காலி தூக்கட்டும். "அது எப்படிக்கா, அப்புறம் விழா எதுக்கு?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அதைத்தான் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அக்கா மகன் மறுதேர்வு எழுதினானா, பாஸ் பண்ணினானா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசையாக இருக்கும். பாஸ் பண்ணிவிட்டான் என்று எழுதினால் கட்டுரை நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவீர்கள். சொல்ல மாட்டேன். அவன் இருக்கிறான். தினமும் அவன் அம்மாவுக்குத் தண்ணிக் குடம் தூக்கித் தருகிறான், சாயந்திரம் கடற்கரையில் பந்து விளையாடுகிறான், சத்தமாகச் சிரிக்கிறான். அவனைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும்.

அக்கா, காட்டுறதுக்கு உங்க புள்ளகிட்ட ஒண்ணுமில்லேன்னு சொன்னீங்களே. யாருக்குக் காட்டணும்? இன்னா கொறச்சல் அவனுக்கு?